மங்குச் சாமான்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் நான் முதலில் தேடுவது மங்குச் சாமான்களைத்தான். இரும்புத் தகட்டில் எனாமல் பூசியவை. ஸ்வீடன் போன்ற நாடுகளிலிருந்து கப்பலேறி வந்து, செட்டிநாட்டுப் பெண்களின் சீர்வரிசையில் அடுக்கடுக்காக உட்கார்ந்தவை. அடியைத் திருப்பினால் கம்பெனி முத்திரை தெரியும். சிலவற்றில் குடும்பத்தின் பெயரெழுத்துகளும் இருக்கும். விளிம்பில் எனாமல் தெறித்த இடத்தில் இரும்பு கறுப்பாக எட்டிப்பார்க்கும். எனக்கு அது குறையாகவே படுவதில்லை, எத்தனை பந்தி பார்த்த பாத்திரம்! எங்கள் வீட்டு நீல அடுக்குக் கேரியரில் இப்போது சரிகைக் கரைகள் இருக்கின்றன. நைந்த பட்டுப்புடவைகளிலிருந்து பிரித்து, மகளின் பாவாடைக்காகச் சுருட்டி வைத்தவை. பெரிய பேசினில் துளசி வளர்கிறது. வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உட்புறம் தெறித்திருந்தால் அதில் சாப்பாடு வைக்காதீர்கள். புளியும் மோரும் பட்டால் துருவேறும்.