கோடு இருக்கு, வழி இருக்கா?

கிரேக்கத் தீவுகளில் நடக்கப் போகிறவர்களுக்கு இன்று வரைபடப் பஞ்சம் கிடையாது. அனவாசி, டெரெய்ன் என்று இரண்டு கிரேக்க நிறுவனங்கள் தீவு தீவாக மடிப்பு வரைபடம் போடுகின்றன. வழிகாட்டிப் புத்தகங்கள் இருக்கின்றன. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஓடும் செயலிகள் போனிலேயே இருக்கின்றன. இத்தனை இருந்தும் ஆட்கள் வழி தவறுகிறார்கள்.

இவற்றையெல்லாம் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றியது இதுதான்: வரைபடத்தில் இருக்கும் கோடு 'இங்கே பாதை உண்டு' என்கிறது. 'இன்னைக்கு அதுல நடக்க முடியும்' என்பது வேறு தகவல். அந்த இரண்டாவது தகவலை யார் தருகிறார்கள் என்பதை வைத்துத்தான் இவற்றை எடைபோடணும்.

முதலில், பாதை எப்படிப்பட்டதுன்னு தெரியணும். தீவுகளின் பழைய வழிகளுக்கு 'கல்டெரிமி' என்று பெயர். கழுதையும் கோவேறு கழுதையும் போவதற்காகக் கல் பாவிய வழி. ஊரை வயலோடும், மாவு அரைக்கும் ஆலையோடும், குன்றின்மேல் நிற்கும் சின்னத் தேவாலயத்தோடும் இணைத்தவை. கார் ரோடு வந்ததும் கழுதை போனது. கழுதை போனதும் பாதையைச் சுத்தம் செய்ய ஆளில்லை. 'ஃப்ரிகானா' எனப்படும் முட்புதர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இருபக்கமும் சுவர் உள்ள பாதையில் புதர் மண்டினால் ஒதுங்கவும் இடமிருக்காது. சுவரேறி, பக்கத்து வயலில் இறங்கி, ஆட்டுக்குப் போட்ட வேலியில் முட்டி நிற்க வேண்டியதுதான். கோடு மட்டும் வரைபடத்தில் அப்படியே இருக்கும்.

மடிப்பு வரைபடங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. நில அமைப்பைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல சாதனம் இல்லை. 1:25,000 அளவில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். 1:40,000-ல் 400 மீட்டர். வழி தேடுகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிசு. ஆனா சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் இருந்தால், 15 மீட்டர் பாறைச் சரிவு ஒன்று இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒளிந்துகொள்ள முடியும். 'குறுக்கே இறங்கிடலாம்' என்று நினைக்கிறவர் மாட்டுவது இங்கேதான். அதோடு, அச்சடித்த நாளோடு அதன் அறிவு நின்றுவிடும். அதனால் வரைபடத்தை விரித்ததும் முதலில் பார்க்க வேண்டியது பதிப்பாண்டு.

புத்தகங்களின் பலம் வரிசை. 'தேவாலயம் தாண்டி இடப்பக்கம், சுவர் முடியும் இடத்தில் கீழே' என்று ஒவ்வொரு திருப்பமாகச் சொல்லும். பலவீனமும் அதுவேதான். ஒரே ஒரு அடையாளம் மாறினாலும் அதற்குப் பிறகு வரும் வாக்கியங்கள் எல்லாம் பயனற்றுப் போகும். எங்க தொழிலில் சொல்றதானா, பழைய வெர்ஷனுக்கு எழுதின டாக்குமென்டேஷன் மாதிரி. சன்ஃப்ளவர் பதிப்பகத்தின் 'லேண்ட்ஸ்கேப்ஸ்' வரிசை, புத்தகம் வந்த பிறகான திருத்தங்களையும் தனியாக வெளியிடுகிறது. அந்த நேர்மைக்காகவே அதைப் பாராட்டலாம்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு பாதையைக் கடைசியாக யார், எப்போது திருத்தினார்கள் என்று பார்க்க முடியும். பாதை கண்ணுக்கு எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று குறிக்கவும் வசதி உண்டு. ஆனா செயலிகள் பெரும்பாலும் இந்தத் தகவலைக் காட்டுவதில்லை. நடந்து பார்த்துப் போட்ட கோட்டையும், செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து உட்கார்ந்த இடத்தில் போட்ட கோட்டையும் ஒரே நிறத்தில் காட்டிவிடுகின்றன. மேலிருந்து பார்த்தால் ஆட்டுத் தடமும் மனிதத் தடமும் ஒன்றுதான்.

சரி, வேறு எப்படிச் செய்யலாம்? இரண்டு தீவுகளை ஒப்பிடலாம். ஈ4 என்ற ஐரோப்பிய நெடும்பாதை கிரீட் தீவை மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்கிறது. பெயர் பெரிசு, எல்லா வரைபடத்திலும் உண்டு. ஆனா மஞ்சள்-கறுப்பு அடையாளங்கள் ஒரு பகுதியில் நன்றாக இருக்கும், அடுத்த பகுதியில் காணாமல் போகும். இந்தப் பக்கம் ஆண்ட்ரோஸ். அங்கே 'ஆண்ட்ரோஸ் ரூட்ஸ்' என்ற தன்னார்வக் குழு பழைய பாதைகளைத் தேடிப் புதரை வெட்டி, எண் கொடுத்துப் பலகை நட்டது. அப்படி உருவான சுமார் 100 கிலோமீட்டர் பாதைக்கு 2015-ல் ஐரோப்பிய நடைபயணச் சங்கத்தின் தரச்சான்று கிடைத்தது. என் கணிப்பில் ஆண்ட்ரோஸ்தான் சரியான மாதிரி. காரணம் சான்றிதழ் இல்லை. புதரை வெட்டுகிறவர்களே வழியையும் சொல்கிறார்கள் என்பதுதான். எந்தப் பாதை அடைந்து கிடக்கிறது என்பது அவர்கள் கைக்கே தெரியும்.

ஆனாலும் எல்லாருமே விட்டுவிடும் ஒரு விஷயம் இருக்கிறது: வெயில். நடைநேரம் கணக்கிட இன்றும் பரவலாகப் பயன்படும் விதி, 1892-ல் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் சொன்னது. கிட்டத்தட்ட 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். குளிர் தேசத்துக் கணக்கு. நிழலே இல்லாத சுண்ணாம்புப் பாறைச் சரிவில், ஜூன் மதியத்தில், அது செல்லாது.

2024 ஜூன் 5 அன்று பிரிட்டிஷ் தொலைக்காட்சி மருத்துவர் மைக்கேல் மோஸ்லி சிமி தீவில் கடற்கரையிலிருந்து தனியாக நடந்து போனார். நான்கு நாள் கழித்து, ஒரு கடற்கரை மதுக்கூடத்துக்குப் பக்கத்திலேயே அவர் உடல் கிடைத்தது. மரணத்தின் காரணத்தைப் பிரிட்டிஷ் விசாரணையால் உறுதிசெய்ய முடியவில்லை. வெப்பத் தாக்கு ஒரு சாத்தியம் என்றது. அதே மாதத்தில் சாமோஸ், மத்ராக்கி தீவுகளிலும் காணாமல் போன சுற்றுலாப் பயணிகள் சடலமாகக் கிடைத்தார்கள். இதற்கெல்லாம் வரைபடம்தான் காரணம் என்று சொல்ல வரலை. ஆனா நிழல் எங்கே, எந்த ஊற்றில் கோடையிலும் தண்ணீர் வரும், எந்த இடத்தோடு திரும்பிவிடலாம் என்பதெல்லாம் தேவாலயத்தின் பெயரைவிட முக்கியமான தகவல்கள். வரைபடத்தில் அவற்றுக்குத்தான் குறைச்சலான இடம்.

போகிறவர்களுக்கு என் சிபாரிசு: 1:25,000 மடிப்பு வரைபடம் ஒன்று, இணையம் இல்லாமலும் ஓடும் செயலி ஒன்று, ஏப்ரல்-மே அல்லது அக்டோபர் பயணம், அவசரத்துக்கு 112. அதோடு கிளம்பும் முன் ஊர்க் காப்பிக் கடையில் ஒரு கேள்வி: "மோனோபாத்தி கத்தரோ?" பாதை சுத்தமா இருக்கா என்று அர்த்தம். பாதை இருக்கான்னு கேட்காதீங்க. இருக்குன்னுதான் சொல்வாங்க.