பழைய கோடுகளும் புதிய மோகமும்

பழைய படங்களுக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது. முன்பெல்லாம் பொட்டலம் மடிக்கப் போன தீபாவளி மலர்களும், சிவகாசியில் அச்சான நாட்காட்டிப் படங்களும், தீப்பெட்டி லேபில்களும், அட்டை கிழிந்த படக்கதைப் புத்தகங்களும் இன்று ஓவியர்களின் சுவர்களில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இடம் பெற்றிருக்கின்றன. நங்கநல்லூரில் பழைய தாளை எடைக்கு வாங்கும் ஒரு கடைக்காரர், படம் போட்ட பழைய இதழ் எதையும் தராசில் வைப்பதில்லை. தனியே எடுத்து வைத்துவிடுகிறார். ஓவியம் பயிலும் பிள்ளைகள் தேடி வந்து, அவர் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிப் போகிறார்களாம். மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாவதற்கு முன், அங்கே இவற்றைச் சில்லறைக் காசுக்கு அள்ளி வந்தவர்களுக்கு இது வியப்பாகத்தான் இருக்கும். இந்த மோகத்துக்கு ‘ரெட்ரோ’ என்று பெயர்.

மோகம் தவறென்று கூற வரவில்லை. எதன்மீது மோகம் என்பதே நம் கேள்வி. பழைய படத்தை ரசிப்பவர்களில் இரு சாரார் இருக்கின்றனர். ஒரு சாரார் அதைப் பார்த்துச் சிரிப்பதற்காக ரசிக்கின்றனர். மிகையான வண்ணம், பிதுங்கிய விழி, அழகியின் கையில் துப்பாக்கி; இவற்றைப் பனியனிலும் காப்பிக் கோப்பையிலும் அச்சிட்டு, ‘நம் முன்னோர் எவ்வளவு வேடிக்கையானவர்கள்!’ என்று மகிழ்கின்றனர். சென்னையிலுள்ள பிளாஃப்ட் பதிப்பகம் 2008-இல் தமிழ் மலிவுப்பதிப்புக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டது. அத்தொகுப்பு வேலையைக் கருத்தோடு செய்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாத வாசகன் அத்தகைய அட்டைப்படங்களைக் கையில் எடுக்கும்போது அவனுக்குக் கிடைப்பது வேடிக்கை மட்டுமே. கதையிலிருந்து படத்தைப் பிய்த்தெடுத்தால் நேர்வது அதுதான்.

மற்றொரு சாரார் கற்றுக்கொள்வதற்காக ரசிக்கின்றனர். ஓவியர் டிராட்ஸ்கி மருது அவர்களை இவ்வகைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். மதுரையில் கழிந்த இளமையில் பார்த்த திரைப்படங்களும் படக்கதைகளும் தம்மை உருவாக்கியதை அவர் மறைத்ததில்லை. ஓவியக் கல்லூரியில் முறையாகப் பயின்ற பின்னரும், படக்கதையைத் தாழ்ந்த கலையென்று அவர் தள்ளிவிடவில்லை. தமிழ் மன்னர்களை வரைய முற்பட்டபோதும் அவருடைய குதிரைகளில் அந்தப் பழைய வேகம் இருக்கிறது. இளமையில் கண்டதை வெறும் நினைவாகப் பூட்டி வைக்காமல், கைப்பழக்கமாக மாற்றிக்கொண்டவரின் ரசனை அது.

அந்தக் கைப்பழக்கம் எத்தகையது என்பதை அறிய, ‘அம்புலிமாமா’வின் ஓவியர் சங்கரைப் பார்க்க வேண்டும். நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தொடங்கிய அவ்விதழ், பின்னர் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் பரவியது. கே.சி. சிவசங்கரன் என்ற இயற்பெயர் கொண்ட சங்கர் 1952-இல் அதில் சேர்ந்தார். 1924-இல் பிறந்து 2020-இல் மறைந்த அவர், சேர்ந்த நாள் முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த ஒரே இதழுக்காக வரைந்தார். 2021-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அவர் இல்லை. (நம் நாட்டில் விருதுகள் பெரும்பாலும் மையித்து வீட்டுக்கு வந்து சேரும் விருந்தாளிகள்.)

விக்கிரமாதித்தன் வேதாளக் கதைக்கு அவர் வரைந்த படத்தை அறியாத வாசகர் இருக்கமுடியாது. இடுகாடு, தோளில் பிணம், கையில் வாள், நடந்து வரும் அரசன். நம் இல்லங்களிலும் இந்த இதழ் வந்தது. பேய்க்கதை வேண்டாமென்று வாப்பா சொல்ல, உம்மாமார் அரிசிப் பானைக்குப் பின்னால் மறைத்து வைத்துக் கொடுத்த வீடுகளும் உண்டு. இக்கதைத் தொடரில் ஓவியனுக்குரிய பெரிய சோதனை ஒன்று இருக்கிறது. மாதந்தோறும் கதை மாறும். ஆனால் தொடக்கமும் முடிவும் மாறா. அதே மரம், அதே பிணம், அதே நடை. வேதாளம் ஒவ்வொரு முறையும் மரத்துக்குத் திரும்பிவிடும். அரசனும் திரும்ப வேண்டும். ஓவியனும் திரும்ப வேண்டும். அரசனின் பொறுமையைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். ஓவியனின் பொறுமையைப் பற்றிப் பேசியவர் எத்தனை பேர்?

அக்காலத்து அச்சு முறையையும் இங்கே நினைக்க வேண்டும். கோட்டோவியத்தைத் துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து பிளாக் செய்வார்கள். மென்மையான சாயல்கள் அதில் நிற்கமாட்டா. கறுப்பு, இல்லையேல் வெள்ளை. மெல்லிய கோடு மட்டத் தாளில் ஊறிக் கலங்கிவிடும். ஆகவே நிழலைக் காட்டுவதற்குக் கோடுகளையே நெருக்கியும் விலக்கியும் இழுக்கவேண்டும். இன்றைய இளைஞர்கள் ‘பழமையின் அழகு’ என்று மயங்குகிற அந்த நெருக்கக் கோடுகள், அழகுக்காகப் பிறந்தவை அல்ல. பிளாக்கின் நிர்ப்பந்தத்தில் பிறந்தவை. ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ வரைந்த சில்பி, கல்லின் பளபளப்பைக்கூட அந்தக் கோடுகளாலேயே காட்டினார். கணிப்பொறியில் ஒரு பொத்தானை அழுத்தி அதே புள்ளிகளையும் மங்கலையும் வரவழைப்பவர்கள், நோயில்லாமலே ஊன்றுகோல் பிடிப்பவர்களைப் போன்றவர்கள்.

இனி, புகழ்ச்சியை நிறுத்திவிட்டுச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. பழைய படங்களை விரும்புவோர் அவற்றின் குறையையும் சேர்த்து விரும்பிவிடலாகாது. நம் பழைய கதைப் படங்களிலும் திரைப்பட விளம்பரங்களிலும் ‘பாக்தாத்’ என்றொரு ஊர் வரும். ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), ‘பாக்தாத் திருடன்’ (1960) ஆகியவற்றின் காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் ஆண்கள் எல்லாரும் வளைந்த வாளும் நுனி சுருண்ட செருப்பும் அணிந்திருப்பார்கள். பெண்கள் அனைவரும் நடனமாடுவார்கள். புத்தகம் படிப்பவர் ஒருவரும் அவ்வூரில் இரார். அவ்வோவியர்களிடம் பகைமை இருந்ததாக நான் எண்ணவில்லை. அயல்நாட்டுப் படங்களில் பார்த்ததை அவர்கள் திரும்ப வரைந்தார்கள். பார்த்தவர்கள் அதையே உண்மையென்று கொண்டார்கள். இன்று அதைச் சட்டமிட்டு மாட்டுகிற முஸ்லிம் இளைஞனாவது ஒரு கணம் நின்று பார்க்க வேண்டாமா?

உண்மையான பாக்தாத்தைப் பார்த்து வரைந்தவர் ஒருவர் இருந்தார். ஹரீரியின் ‘மகாமாத்’தை நம் அரபி மதரஸாக்களில் ஓதியவர்கள் அறிவார்கள். கல்லச்சுப் பதிப்பில், ஓரமெல்லாம் உரை நிரம்பிய அந்தக் கிதாபில், அபூ ஸைதின் தந்திரங்களைச் சொல் சொல்லாக இலக்கணம் பிரித்துத்தான் நாங்கள் கற்றோம். அதற்குப் படங்களும் உண்டு என்பதை எந்த உஸ்தாதும் எங்களுக்குச் சொல்லவில்லை. யஹ்யா பின் மஹ்மூத் அல்வாஸிதீ என்பவர் ஹிஜ்ரி 634 ரமலானில், அதாவது கி.பி. 1237-இல், அந்நூலைத் தம் கையாலேயே எழுதி, 99 படங்களும் வரைந்து முடித்தார். அப்பிரதி இப்பொழுது பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. மங்கோலியர் 1258-இல் பாக்தாதை அழிப்பதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பு வரையப்பட்டது அது. நூலகமொன்றில் புத்தகங்கள் மாடங்களில் படுக்கை வசமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சிற்றூரில் பெண்ணொருத்தி தக்கிளியில் நூல் நூற்கிறாள். கூரைமேல் கோழி நிற்கிறது. ஒட்டகக் கூட்டமொன்றை, கழுத்துகளும் கால்களும் பின்னிப் பிணைய அவர் தீட்டியிருக்கும் அழகுக்கு ஈடு கூறுவது கடினம். சங்கரின் விக்கிரமனை ரசிக்கும் கண்ணுக்கு இதுவும் உறவுதான். ரெட்ரோ வேண்டுமென்போர் 70 ஆண்டுகளோடு ஏன் நின்றுவிட வேண்டும்?

உருவப்படம் பற்றி மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேற்றுமைக்குள் நான் நுழையவில்லை; அதற்கு இடம் இதுவன்று.

வாஸிதீ தம் பெயரையும், முடித்த நாளையும் நூலின் இறுதியில் பதித்திருக்கிறார். இதை நான் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. 1972-இல் சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’ வெளிவரத் தொடங்கியபோது அதன் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கை மட்டும் தெரியும் அந்த நாயகனைத் தமிழ்ச் சிறுவர்கள் கொண்டாடினார்கள். இங்கிலாந்து வார இதழான ‘வேலியண்ட்’டில் 1962 முதல் அக்கதையை வரைந்தவர் ஜீசஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானிய ஓவியர். இங்கிலாந்துப் பதிப்பகத்தார் அக்காலத்தில் ஓவியர் பெயரை அச்சிடும் வழக்கம் வைத்திருக்கவில்லை. ஒரு மாநிலமே நேசித்த கோடுகளை இழுத்தவர் யாரென்று தெரியாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. இன்றும் பழைய படங்களைப் பனியனில் அச்சிட்டு விற்போர் பெரும்பாலும் அதே வழக்கத்தைத்தான் பின்பற்றுகின்றனர். ‘பழைய தமிழ் காமிக்ஸ்’ என்று போடுகிறார்கள். வரைந்தவர் பெயர் இல்லை.

பஞ்சதந்திரக் கதைகள் பஹ்லவி வழியாக அரபிக்குச் சென்று ‘கலீலா வ திம்னா’ ஆனதை நேயர்கள் அறிவார்கள். எட்டாம் நூற்றாண்டில் அதை அரபியில் தந்த இப்னுல் முகஃப்பஃ, நூலின் நோக்கங்களை முன்னுரையில் கூறுகிறார். விலங்குகளின் படங்கள் அரசர்களின் உள்ளத்தைக் கவர வேண்டும். அதனால் பலரும் இந்நூலை விரும்பிப் பிரதியெடுக்க வேண்டும். அவ்வழியே ஓவியனும் எழுத்தனும் என்றென்றும் பயனடைய வேண்டும் என்பது அவர் கருத்து. படம் வரைபவனின் பிழைப்பை முன்னுரையிலேயே நினைத்துப் பார்த்த ஆசிரியர் அவர். நங்கநல்லூர்க் கடையில் தனியே எடுத்து வைக்கப்படும் பழைய அம்புலிமாமாவுக்குக் கிடைக்கும் விலையில், அதை வரைந்தவர்களின் குடும்பங்களுக்கு ஒரு காசும் போய்ச் சேருவதில்லை.