மணல் இல்லாத பாலை: லடாக் லாரியும் உமணர் வண்டியும்

பாலை என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டால் ஒரே குரலில் பதில் வரும்: மணலும் மணல் சார்ந்த இடமும். தேர்வுத் தாளிலும் அதையே எழுதிடுவாங்க. ஆனால் இந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு அகநானூற்றைத் திறந்தால் மாணவர் திகைத்துப் போவார். அங்கே பாலைப் பாடல்களில் பெரும்பாலும் வருவது கல்லும் குன்றும் காய்ந்த மரமும் ஆள் நடமாட்டமில்லாத வழியும்தான்.

தொல்காப்பியர் பாலைக்கெனத் தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வளம் குன்றி இயல்பு மாறினால் பாலை என்கிறது சிலப்பதிகாரம். அப்படியென்றால் மலையே பாலை ஆகுமா? தானா ராத்தாவில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. தேயிலைச் சரிவைப் பார்த்தே வளரும் மாணவருக்கு இதை நம்புவது கஷ்டம்தான். அவருக்கு லடாக்கைக் காட்டலாம்.

இந்தியாவின் வடகோடியில் உள்ள லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பருவமழையை இமயமலை தடுத்துவிடுவதால் அங்கே ஆண்டு மழை ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான். மணாலியிலிருந்து அங்கே போகும் சாலை 5,300 மீட்டருக்கு மேல் உள்ள தங்லங் லா கணவாயைத் தாண்டுகிறது. சரக்கு லாரிகளுக்குக் கோடைதான் காலம். குளிர்காலத்தில் பனி வழியை மூடிவிடும். காற்று மெலிந்த அந்த உயரத்தில் மனிதனுக்கும் மூச்சு வாங்கும், இஞ்சினுக்கும் இழுவை குறையும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, ஓடைகள் சாலைக்கு மேலேயே பாயும். அதனால்தான் ஓட்டுநர்கள் காலையிலேயே ஓடைகளைக் கடந்துவிடப் பார்க்கிறார்கள்.

இப்போது தொல்காப்பியத்துக்குத் திரும்புங்க. பாலைக்குச் சிறுபொழுது நண்பகல். பெரும்பொழுதாக வேனிலோடு பின்பனியும் சொல்லப்படுகிறது. குளிருக்கும் பாலையில் இடம் உண்டு! சங்கப் புலவர்கள் லடாக்கைப் பாடினார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. வறண்ட மலை, கடக்க அஞ்சும் நேரம், துணையில்லாத வழி ஆகியவற்றை அவர்கள் வகுத்த இலக்கணம் மணல்வெளியைவிடப் பெரியது என்பதே செய்தி.

சரக்கு வண்டியும் சங்கப் பாடலுக்குப் புதிதல்ல. உப்பு விற்கும் உமணர்கள் மேடு பள்ளத்தில் என்ன ஆகுமோ என்று வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவதைப் புறநானூறு 102இல் ஔவையார் சொல்கிறார். அது புறப்பாடல், பொகுட்டெழினியை அந்த மாற்று அச்சுக்கு ஒப்பிட்டுப் புகழ்வது. அகநானூற்றுப் பாலைப் பாடல்களிலோ உமணர் சமைத்துவிட்டு விட்டுப்போன அடுப்புக் கற்கள் வருகின்றன. ஆள் போய்விட்டார், கல் மட்டும் கிடக்கிறது. தனிமையைச் சொல்ல இதைவிட வேறென்ன வேண்டும்?

அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் கொண்ட 200 பாடல்களும் பாலையே. வறண்ட நிலத்தை வருணிக்கவா இத்தனை பாடல்கள்? பல பாடல்களில் பேசுவது வீட்டில் இருக்கும் தலைவி, அல்லது தோழி. அந்த வழியை அவள் கண்ணால் பார்த்ததில்லை. யானையும் கள்வரும் காய்ந்த சுனையும் அவளுடைய பயத்தில்தான் பெரிதாகின்றன. தலைவன் பேசும் பாடல்களிலும் அவன் தன் நெஞ்சோடு வாதாடுகிறான்: பொருளா, இவளா? ஆகவே 'பாலை வருணனை சிறப்பாக உள்ளது' என்று எழுதி முடிப்பது பாதி விடைதான். அந்த வருணனை யாருடைய அச்சம் என்று சொன்னால்தான் விடை முழுமையாகும். உரிப்பொருள் 'பிரிவு' என்பதன் பொருள் இதுவே.

இதை நம் மாணவருக்குப் புரியவைக்கத் தூரம் போக வேண்டாம். போ தேயிலை நிறுவனம் 1929இல் தொடங்கியது. காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்களில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம் தாத்தா பாட்டிகளும் உண்டு. பொருள்வயிற் பிரிவு என்று இலக்கணம் சொல்வது அதைத்தான். கேமரன் மலையில் பச்சைக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே ஊரில் காத்திருந்தவளுக்கு, கடிதம் வராத மாதங்களில், இந்த மலை பாலையாகத்தானே இருந்திருக்கும்?

விடை எழுதும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்க: யார் பிரிகிறார்? எதற்காக? வழியைச் சொல்பவர் அதை நேரில் கண்டவரா, வீட்டிலிருந்து அஞ்சுபவரா? நிலத்தின் பெயரை அதற்குப் பிறகு எழுதினால் போதும்.