கஸ்ஸாலியின் இரு முடிவுகள்: 'அல்முன்கித்' மறுவாசிப்பு

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'அல்முன்கித் மினள் ளலால்' ஐயத்திலிருந்து யகீன் எனும் உறுதியை எய்திய வரலாறாகவே பெரிதும் வாசிக்கப்படுகிறது. தத்துவவாதிகளுக்கும் பாத்தினிய்யாக்களுக்கும் அவர்கள் அளித்த மறுப்புகள் பேசப்படும் அளவுக்கு, தம் வாழ்வில் மேற்கொண்ட இரு முடிவுகளைப் பற்றி அந்நூலில் அவர்கள் கூறுவன ஒப்புநோக்கப்படுவதில்லை. எது சரி என்று துலங்காத வேளையில் முடிவெடுப்பது எவ்வாறு என்னும் வினாவுக்கு அவ்விரண்டையும் சேர்த்துப் படித்தாலே விடை கிடைக்கும் எனக் கருதுகிறோம்.

முதலாவது, பக்தாதை விட்டு நீங்கியது. ஹிஜ்ரி 488 ரஜபில் (கி.பி. 1095) தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதங்கள் இமாமவர்கள் ஊசலாடினார்கள். நிஸாமிய்யாவின் பேராசிரியர் பதவி, முந்நூறு மாணவர்கள், நாடெங்கும் பரவிய புகழ் ஆகியவை ஒருபுறம். தம் போதனை அல்லாஹ்வுக்காகவா, பெயருக்காகவா என்ற உறுத்தல் மறுபுறம். காலையில் கொண்ட உறுதி மாலையில் தளர்ந்தது. இறுதியில் நா தடைப்பட்டது, உணவு செரிக்கவில்லை, மருத்துவர்கள் கைவிட்டனர். அதன் பின்னரே துறந்து செல்வது எளிதாயிற்று என்கிறார்கள்.

இரண்டாவது, ஹிஜ்ரி 499 துல்கஃதாவில் (கி.பி. 1106) நைஸாபூரில் மீண்டும் போதிக்கச் சென்றது. ஆட்சியாளரின் ஆணை வந்தபோதும் அதனை மட்டும் அவர்கள் சான்றாகக் கொள்ளவில்லை. தனிமையில் நீடிக்க விரும்புவது சோம்பலாலா, சுகத்தாலா, மக்கள் தரும் தொல்லைக்கு அஞ்சியா என்று நஃப்ஸை விசாரித்தார்கள். அகப்பார்வை உடையோரிடம் மஷ்வரா செய்தார்கள். அவர்கள் ஒருமுகமாகச் செல்லுமாறு கூறினர்.

இங்கே கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. இரு வேளைகளிலும் கேட்கப்பட்ட வினா ஒன்றே: இதனால் என் நஃப்ஸுக்கு என்ன ஆதாயம்? அவ்வினா ஒருமுறை வகுப்பறையிலிருந்து வெளியேற்றியது. மறுமுறை அங்கேயே திருப்பி அனுப்பியது. ஆகவே துறவே உயர்ந்தது என்றோ, பொதுப்பணியே உயர்ந்தது என்றோ இந்நூலைக் கொண்டு வாதிடுவோர் பாதியையே படித்தவராவர்.

நூலில் குறையும் உண்டு. நிகழ்ந்து பத்தாண்டுகளுக்கும் மேலான பின் எழுதப்பட்டமையால், முதல் முடிவின் கலக்கம் ஓர் ஒழுங்குக்குள் அடங்கிவிடுகிறது. மக்கா செல்வதாகக் கூறிவிட்டு ஷாம் செல்ல ஆயத்தமானதையும், பிள்ளைகளின் தேவைக்குரியதை ஒதுக்கிவிட்டு எஞ்சிய செல்வத்தைப் பகிர்ந்தளித்ததையும் மறைக்காமல் எழுதும் இமாமவர்கள், அம்முந்நூறு மாணவர்கள் என்னவாயினர் என்பதைச் சொல்லாமலே கடந்து விடுகிறார்கள். ஒருவர் எடுக்கும் முடிவின் பாரத்தைப் பிறரும் சுமக்கின்றனர் என்பது இந்நூலில் போதிய இடம் பெறவில்லை.

எனினும் இந்நூலின் நேர்மை நம்மைத் தலைவணங்கச் செய்கிறது. இரண்டாம் முடிவை விவரித்து முடிக்கும்போது, தம் நோக்கம் நிறைவேறுமா, அதற்கு முன்பே மரணம் வந்துவிடுமா என்பது தமக்குத் தெரியாது என்று இமாமவர்கள் வெளிப்படையாகவே எழுதுகிறார்கள். அறிவில் யகீனைத் தேடிய அந்த மேதை, செயலின் விளைவில் அதனைக் கோரவில்லை. நிய்யத்தைத் துருவி ஆராய்வதும், தகுதியுடையோரிடம் கலந்து ஆலோசிப்பதும், பின்னர் அடியெடுத்து வைப்பதும் அடியானின் பொறுப்பு. விளைவு அவன் கையில் இல்லை. தவக்குல் என்பதன் பொருளும் இதுவேயன்றோ!