பிரவேசமும் நிஷ்கிரமணமும்

மட்டாஞ்சேரிக்கு அடுத்த கோட்டைக் கொச்சியில் மாலைதோறும் நிகழும் கதகளியில், இருவர் பிடித்து நிற்கும் திரைச்சீலையின் மேல்விளிம்பைக் கத்தி வேஷக்காரர் பற்றித் தாழ்த்தி, முகத்தைச் சிறிது சிறிதாக வெளிப்படுத்தும் திரநோக்கைக் கண்டவர்கள், பாத்திரம் அரங்கிற்கு வந்து சேர்வதே ஒரு தனிக்கலை என்பதைத் தயங்காது ஒப்புக்கொள்வார்கள். ஒருபுறமிருந்து இழுக்கப்படுவதும், இருபுறமிருந்தும் வந்து பொருந்துவதும், மேலிருந்து மறைந்திறங்குவதுமான ஒருமுக, பொருமுக, கரந்துவரல் எழினிகளைச் சிலப்பதிகார அரங்கேற்று காதை அறியும். பரதரின் நாட்டிய சாஸ்திரமோ துருவைப் பாடல்களை ஐந்தாக வகுத்து, வருகைக்குப் பிராவேசிகி என்றும் செல்கைக்கு நைஷ்கிராமிகி என்றும் தனித்தனியே விதித்தது. வருதலுக்கு ஒன்று, போதலுக்கு வேறொன்று என்னும் இந்த விவேகம் இணையப் பக்கங்களின் உலகத்திற்கு மிக அண்மையில்தான் வாய்த்தது.

பக்கங்களுக்கு அலங்காரம் செய்யும் சி.எஸ்.எஸ். மொழியில் அசைவுக்கென இரண்டு சம்பிரதாயங்கள் உண்டு. இரண்டின் முதல் வரைவுகளும் 2009-இல் வெளிவந்தன. அனிமேஷன் சம்பிரதாயத்தார் கீஃபிரேம்ஸ் விதியில் தொடக்கம், இடைநிலை, முடிவு ஆகிய தோற்றங்களை எழுதிவைப்பர். பக்கத்தில் ஒரு பெட்டி தோன்றியவுடன் அந்த அசைவு தானே ஓடுமாதலால் வருகையில் அவர்களுக்குக் குறையில்லை. டிரான்சிஷன் சம்பிரதாயத்தாருக்கோ ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குப் பெயர்வதே ஜீவன். புதிதாய்ப் பிறக்கும் பெட்டிக்கு முந்தைய நிலை இல்லாமையால், அவர்கள் வாசலிலேயே தடைப்பட்டனர்.

செல்கையில் இரு சாராரும் தோற்றனர். ‘டிஸ்பிளே: நன்’ என்று எழுதிய கணமே பெட்டி மறைந்துவிடும், கதகளி வேஷக்காரர் கலாசம் என்னும் ஆட்டத்தை முடிக்குமுன் யாரோ விளக்கை அணைத்தது போன்ற அவலம் அது. ஆகவே ஜாவாஸ்கிரிப்டைக் காவல் நிறுத்தி, அசைவு முடிந்த செய்தி வந்த பிறகே பெட்டியை அகற்றுவித்தனர். வியூ என்னும் நூலகம் வருகைக்கு மூன்றும் செல்கைக்கு மூன்றுமாக ஆறு கிளாஸ் பெயர்களை வகுத்து இவ்வழக்கத்திற்கு ஓர் ஒழுங்கு தந்தது. அந்தப் பாகுபாடு பரதருக்கே உவப்பாயிருந்திருக்கும் என்பது என் துணிபு.

2023-இல் குரோம் 117-ஆம் பதிப்பில் வந்து, மறு ஆண்டு சஃபாரியிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இடம்பெற்ற இரண்டு விதிகள் இந்நிலையை மாற்றின. ‘ஸ்டார்ட்டிங் ஸ்டைல்’ பெட்டிக்கு இல்லாத முந்தைய நிலையைக் கற்பித்துக் கொடுக்கிறது. ‘அலோ டிஸ்கிரீட்’ என்னும் மதிப்பு, குறித்த நேரம் கழியும்வரை பெட்டியை மறையவிடாமல் தாங்கி நிற்கிறது. இதனால் கீழிருந்து எழுந்து வரும் பெட்டி, போகும்போது பக்கவாட்டில் நழுவிச் செல்லலாம். வந்த வழியே திரும்ப வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒரு நுட்பத்தை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு நாள் முழுவதும் அதில் இடறி விழுந்தவன் யான். ஸ்டார்ட்டிங் ஸ்டைலுக்கென்று தனிப் பலம் கிடையாதாகையால், அதைத் திறந்த நிலையின் விதிக்கு முன்னே எழுதினால் பின்வரும் விதி அதை விழுங்கிவிடும். பின்னே எழுதுவதே முறை.

பிரமாணம் என்று பார்த்தால், கூகிளின் மெட்டீரியல் டிசைன் தன் தொடக்ககால வழிகாட்டியில் கைபேசித் திரைக்கு வருகை 225 மில்லிசெகண்டு, செல்கை 195 மில்லிசெகண்டு என்று குறித்தது. வருவது வேகமாகப் புகுந்து மெல்ல அமரவேண்டும். போவது மெல்லத் தொடங்கி விரைந்து நீங்கவேண்டும். விருந்தினரை வரவேற்கும் நிதானம் வழியனுப்புகையில் ஏன் குறைகிறது என்று கேட்போருக்கு விடை எளிது: போகும் பொருளின்மேல் கண் நிலைப்பதில்லை. அசைவு கண்டால் தலைசுற்றும் அன்பர்களுக்காக ‘பிரஃபர்ஸ் ரெட்யூஸ்டு மோஷன்’ என்றொரு விதியும் உண்டு. அதை மதியாத பக்கம் எவ்வளவு அழகாயினும் மரியாதை அறியாதது.

இம்மலரை வாசிக்கும் இளைஞர்கள், தாங்கள் சமைத்த பக்கத்திலுள்ள பெட்டிகளைத் திறந்து பார்த்து மகிழ்வதோடு நில்லாமல், ஒவ்வொன்றையும் ஒருமுறை மூடியும் பார்க்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.