எழுபதில் நிற்கும் நீர்

நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை செல்சியசை ஒட்டியே கொதித்துவிடும். அந்த உயரத்தில் கொதிநிலையை அளவுகோலாகக் கொள்ள முடியாது. அதனால்தான், குறித்த சூட்டில் நீரை நிறுத்திவைக்கும் தேயிலை ஆய்வுகூடத்து வெந்நீர்த் தொட்டிமேல் எனக்குத் தனி மதிப்பு.

பார்வைக்கு வெறும் எஃகுப் பெட்டி. அடியில் வெப்பச்சுருள், பக்கத்தில் வெப்பநிலைச் சீராக்கி, நல்ல தொட்டியென்றால் நீரைச் சுற்றிவிடும் பம்பும் உண்டு. மூலைக்கு மூலை சூடு மாறாதிருப்பது அந்தப் பம்பால்தான். நீர் சற்றே ஆறினால் சுருள் விழிக்கும், குறித்த சூட்டை எட்டியதும் அடங்கும். தேயிலையின் பொலிபீனோலை அளக்கும் சர்வதேச முறையில், தூளாக்கிய இலை 70 சதவீத மெதனோலில், 70 பாகையில், 10 நிமிடம் ஊறவேண்டும். சூடு பிசகினால் சாறும் பிசகும்.

ஆய்வுகூடத்துத் தம்பி தங்கைகளே, தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுங்கள். குழாய்நீரின் உப்பு சுருளில் படியும்.