'யூ' என்றால் நீங்கள்

ஸ்பிரிங்வேல் மீன்கடையில் வியட்நாமியப் பெண்மணி எங்கள் மூவரையும் சேர்த்து 'யூஸ்' என்று விளித்தார். வெளியே வந்ததும், "தப்பான இங்கிலீஷ்" என்றேன். "மக்குவாரி அகராதியிலயே இருக்குப்பா" என்றாள் மகள். பார்த்தேன், இருந்தது.

நான் ரென் அண்டு மார்ட்டின் இலக்கணத்தில் வளர்ந்தவன். வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்க அந்த நூலைப்போலக் கற்றுத்தந்தது வேறில்லை. குறை வேறிடத்தில். விதிகளுக்கு வயது உண்டு என்பதை அது உணர்த்துவதில்லை. தன்மைக்கு 'ஷல்', மற்றவற்றுக்கு 'வில்' என்று மனப்பாடம் செய்தோம். மெல்பர்ன் அலுவலகத்தில் அந்த 'ஷல்'லை, ஒப்பந்தப் பத்திரங்களில் தவிர, நான் சந்தித்ததில்லை.

ஆங்கிலத்தில் மரியாதைப் பன்மை இல்லை என்போம். உண்மை தலைகீழ். 'தௌ' என்பதே அவர்களுடைய 'நீ'. 'யூ' பன்மைக்கும் மரியாதைக்கும் உரியது. 17ஆம் நூற்றாண்டில் 'தௌ' பொதுப்பேச்சிலிருந்து ஒதுங்க, எல்லோரும் 'நீங்கள்' ஆனார்கள். பன்மைக்குத்தான் சொல் இல்லாமல் போயிற்று. அந்த வெற்றிடத்துக்கு வந்ததே 'யூஸ்'.

தமிழிலும் இதுவே நடந்தது. பன்மையான 'நீர்' ஒருவருக்கு உரிய மரியாதையானது. பிறகு வந்த 'நீங்கள்' என்ற பன்மையும் அதே வழியில் போயிற்று. இப்போது பலரைக் குறிக்க 'நீங்க எல்லாரும்' என்கிறோம். இதை யாரும் பிழை என்பதில்லை.

மகளின் தமிழையும் நான் ரென் அண்டு மார்ட்டின் கண்ணோடுதான் திருத்திவந்தேன். அவள் தமிழில் பேசுவது குறைந்ததற்கு ஆஸ்திரேலியாவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். விதியைக் கற்பிக்கும் நூல் நல்லதுதான். அதை வீட்டுக்குள் நீதிபதியாக அமர்த்தியது நான்.